எல்லா வண்டியும் பாஸ்

காலை ஐந்தரைக்கு எழுவேன். முதல் வேலை ஜன்னல் கட்டை. ஈரத்துணியால் மூன்று முறை துடைக்க வேண்டும். முதல் தடவை துணி கறுக்கும். இரண்டாவதில் சாம்பல் நிறம். மூன்றாவதில்தான் துணி துணியாகத் தெரியும். அடுத்து பால் பாத்திரத்தின் மூடி, தண்ணீர்ப் பாத்திரத்தின் மூடி, அவளுடைய தலையணை உறை. உறையைத் துடைக்க முடியாது, உதறுவேன். பிறகு பல் துலக்கி மூக்கைச் சிந்துவேன். அதுவும் கறுப்பு. எட்டேகாலுக்குக் கிளம்பும்போது கட்டையை மறுபடி ஒரு தடவை. இந்த வரிசை அவள் வகுத்தது. அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. வரிசையை மாற்ற எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கிறேன். எழுத்து தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால்தான் என் வேலை ஆரம்பிக்கிறது. என் மனைவியின் வேலை அப்படி அல்ல. அவள் எங்கள் தெரு முனைப் பெட்ரோல் பங்க் ஓரத்தில், பஸ்கள் திரும்பும் இடத்தில், வண்டிப் புகை பரிசோதிக்கும் கூண்டில் இருந்தாள். கூண்டு என்றால் நான்கு தகரம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டூல். வண்டி வந்ததும் அவள் வெளியே போய்க் குனிந்து, புகைக்குழாயில் கருவியின் கம்பியைச் செருகி, "ரேஸ் பண்ணுங்க" என்பாள். டிரைவர் மிதிப்பார். புகை அவள் முகத்துக்கு வரும். எண் கம்ப்யூட்டருக்குப் போகும். அவள் உள்ளே வந்து சான்றிதழை அச்சடித்துக் கையெழுத்துப் போடுவாள். ஒரு நாளைக்கு இருபத்து மூன்று வண்டி. ஆறு வருடம்.

கம்ப்யூட்டரில் இரண்டு பட்டன் உண்டு. பாஸ், ஃபெயில். ஃபெயிலை அழுத்தினால் மேற்பார்வையாளரின் கடவுச்சொல் கேட்கும். மேற்பார்வையாளர் பதவி காலி. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே காலி. கடவுச்சொல் இல்லாவிட்டால் திரை உறைந்துவிடும், பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கும். ஆகவே பாஸ். கறுப்பு மேகமாய்க் கக்கும் லாரியும் பாஸ். அவள் இரண்டு முறை காற்றுத் தூய்மை வாரியத்துக்கு எழுதிக் கேட்டாள். ஆள் எடுக்கும் பணி நடந்துகொண்டிருப்பதாகப் பதில் வந்தது.

சாயங்காலம் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து அவள் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்வாள். கீழே போகும் ஒவ்வொரு வண்டிக்கும் தீர்ப்பு. கண்ணால் பார்க்கவே மாட்டாள், மூக்கும் காதும் போதும். ஃபெயில். ஃபெயில். பாஸ். ஃபெயில். பன்னிரண்டாம் நம்பர் பஸ், இன்ஜெக்டர் போச்சு, ஃபெயில். என்னை எழுதிக்கொள்ளச் சொல்வாள். எதில் எழுதுவது என்பேன். மனசுல எழுதிக்கோங்க என்பாள். அந்த நாளில் அவள் உரக்கச் சிரிப்பது அந்த ஒரு நேரம்தான். சிரிப்பு முடியும் இடத்தில் இருமல் வரும். முதல் வருடம் இருமல் சிறியது.

ஐந்தாம் வருடம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு மருத்துவர் என்னிடம் கேட்டார்.

"சிகரெட் பிடிப்பாங்களா?"

"இல்ல சார். ஒரு நாளைக்கு இருபத்து மூணு வண்டி பிடிப்பா."

அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.

முப்பத்தொரு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி அறையில் அவள் இறந்தாள். ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு ஆம்புலன்ஸ் இன்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது. கடைசியாக அவள் ஒன்று சொன்னாள். நானும் அவள் தங்கையும் கேட்டோம்.

இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் 'மூச்சு நின்றது' என்று இருந்தது. யாருக்குத்தான் நிற்காது. 'புகை' என்று எழுதித் தாருங்கள் என்று மருத்துவரிடம் கேட்டேன். எழுதக் கை துடிப்பதாகவும், ஆனால் அந்தச் சொல்லை எழுத வேண்டுமென்றால் அந்த இடத்தில் புகை இருந்தது என்று வாரியம் சான்று தர வேண்டும் என்றும் சொன்னார். விதி அப்படியாம். அதே விதிப் புத்தகத்தில் இன்னொரு விதியையும் காட்டினார். பணியிடத்துப் புகையால் ஒரு மரணம் என்று பதிவானால், முப்பது நாளுக்குள் அந்தக் கூண்டை மூட வேண்டும்.

எனக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. ஏனென்றால் பதினாறாம் நாள் வாரியத்திலிருந்து அனுதாபக் கடிதம் வந்தது. கருணை அடிப்படையில் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை. அவள் தங்கைக்கு. அதே கூண்டு, அதே ஸ்டூல்.

போகாதே என்றேன். வீட்டு நிலைமை எனக்கும் தெரியும், ஆகவே இரண்டாவது தடவை சொல்ல வாய் வரவில்லை. அவள் சொன்னது இதுதான்: "நான் விட்டா இன்னொருத்தி வந்து உக்காருவா மாமா. அவளுக்கு உங்களை மாதிரி கேக்குறதுக்கு ஆள் இருக்கோ இல்லையோ."

ஆக, நான் கேட்கப் போனேன்.

காற்றுத் தூய்மை வாரியத்தின் ஜன்னல்கள் திறப்பதில்லை. அவை திறக்கும்படி செய்யப்பட்டவை அல்ல. உள்ளே ஒவ்வொரு தூணுக்கும் பக்கத்தில் காற்று வடிகட்டும் இயந்திரம் ஒன்று முனகிக்கொண்டிருக்கும். வெளியே நிறுத்துமிடத்தில் அதிகாரிகளின் கார்கள் இன்ஜின் ஓடியபடி நிற்கும். அவர்கள் எப்போது இறங்கி வந்தாலும் இருக்கை குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று டிரைவர் ஒருவர் விளக்கினார். எப்போது வருவார்கள் என்றேன். அஞ்சு மணிக்கு என்றார். அப்போது காலை பதினொன்று.

முகப்பில் இருந்த எழுத்தரை அங்கே எல்லோரும் 'பொறுமை' என்று அழைத்தார்கள். எதைக் கேட்டாலும் முதலில் அந்த வார்த்தையைத்தான் சொல்வார். என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு ஒரு படிவம் எடுத்தார். முதல் கேள்வி: புகையின் உரிமையாளர் பெயர். இரண்டாவது: புகையின் பதிவு எண்.

புகைக்கு ஏது பதிவு எண் என்றேன். எந்த வண்டியின் புகையோ அந்த வண்டியின் எண் என்றார். எல்லா வண்டியும் என்றேன்.

"பொறுமை. பொத்தாம்பொதுவா எல்லா வண்டின்னா ஏத்துக்க முடியாது சார். எந்த வண்டியோட புகை எந்த மூச்சுல போச்சுன்னு தனித்தனியா வேணும். வண்டிக்கு ஒரு படிவம். எத்தனை வண்டி?"

"நாப்பத்தோராயிரத்து இருநூத்து முப்பத்தாறு."

அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இப்போதைக்கு எண்பது படிவம்தான் கையிருப்பில் இருக்கிறது என்றார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

எண்பதை நிரப்பிக் கொடுத்தேன். அவள் கையெழுத்துப் போட்ட சான்றிதழ்களின் நகல்கள் கூண்டில் இருந்தன, தங்கை எடுத்துத் தந்தாள். எண்பது லாரியின் எண்களையும் எழுதினேன். எண்பதும் பாஸ் ஆன வண்டிகள் என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள். பாஸ் ஆன வண்டியில் புகை இருக்காது. இருந்தால் பாஸ் ஆகியிருக்காது.

மூன்றாம் மாதம், இடத்தை நேரில் அளப்பதாக வாரியம் இறங்கி வந்தது. வேன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தண்ணீர் லாரி வந்து பெட்ரோல் பங்கையும் கூண்டையும் எதிரே இருந்த மரத்தையும் கழுவியது. அந்த மரத்தின் இலை பச்சை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு அளவீட்டு வேன் வந்தது. பழைய டீசல் வேன். உள்ளே இருக்கும் கருவிக்கு மின்சாரம் வேண்டும், ஆகவே இன்ஜினை நிறுத்தக் கூடாது. அது கூண்டு வாசலில் நின்று ஒன்றரை மணி நேரம் கக்கியது. தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வேனிலிருந்து இறங்கிய பொறியாளர் இளைஞர். கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் உற்சாகம். வேனின் புகையும் அளவில் சேர்ந்துவிடுமே என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று பாராட்டினார். அதற்குத்தான் வேனின் சொந்தப் புகை என்று இருநூறு கழித்துவிடுவார்களாம். அந்த இருநூறு, இதே வேனின் புகையை அளந்து கண்டுபிடித்த எண்ணாம். பிறகு அவர் கருவியைப் பார்த்தார். நூற்று எண்பத்தாறு. இருநூறு கழித்தார்.

"மைனஸ் பதினாலு," என்றார். குரல் தழுதழுத்தது. "சார், என் சர்வீஸ்ல மைனஸ் நான் பார்த்ததே இல்ல. உங்க தெருவுல காத்து தேவைக்கு மேல சுத்தமா இருக்கு."

என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் ஏதோ செய்து அதை வரவழைத்தது போல.

பத்து நாளில் உத்தரவு வந்தது. இத்தெருவில் தூய்மை மிகையாக இருப்பது கண்டறியப்பட்டதாலும், அது பயன்படாமல் கிடப்பது வளத்தை வீணாக்குவதாகும் என்பதாலும், துறைமுகச் சாலையின் கனரக வண்டிகள் இனி இத்தெரு வழியாகத் திருப்பிவிடப்படும். நாளொன்றுக்கு நானூறு லாரி. உத்தரவின் தொடக்கத்தில், 'பார்வையில் கண்ட மனுதாரரின் விண்ணப்பத்தின் பேரில்' என்று என் விண்ணப்ப எண் இருந்தது.

அன்றிலிருந்து ஜன்னல் கட்டையைச் சாயங்காலமும் மூன்று முறை துடைக்க வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டு அம்மா தன் பேத்தியின் வாயில் மருந்துப் புகை போகும் முகமூடியைப் பொருத்தியபடி, வாசலில் இருந்து என்னைப் பார்த்தார்.

"உங்களை யாருப்பா பெட்டிஷன் போடச் சொன்னது?" என்றார். அதட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்த வாரம் தங்கை வீட்டுக்கு வந்தாள். படியேறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். இருமினாள். இருமி முடித்து என் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா மாதிரியே இருமுறேனா மாமா?"

"இல்ல. அவ காலையில இருமுவா. நீ சாயங்காலம் இருமுற."

"அப்ப பரவால்ல," என்றாள். இருவரும் சிரித்தோம். அவளுக்குச் சிரிப்பு முடியும் இடத்தில் இருமல் வந்தது. சிறிய இருமல். முதல் வருடத்து இருமல்.

மேல்முறையீடு செய்தேன். ஆறாம் மாதம் என்னையும் தங்கையையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீண்ட மேஜை. அதற்குப் பின்னால் வாரியத்தின் தலைவர், பக்கத்தில் செயலாளர். தலைவர் எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் தரச் சொன்னார். மறைந்த சகோதரிக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றார். அதன்பிறகு அவர் முன்னால் அவளுடைய நாற்பத்தோராயிரத்து இருநூற்று முப்பத்தாறு சான்றிதழ்கள் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து அடுக்கப்பட்டன. தலைவரின் முகம் மறையும்வரை அடுக்கினார்கள். நடுவில் இரண்டு கட்டுகளை எடுத்துவிட்டு, அந்த இடைவெளி வழியாக அவர் பேசினார்.

"எல்லாத்துலயும் உங்க மனைவி கையெழுத்து இருக்கு. புகை இல்லைன்னு அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க. அப்ப அவங்க சுவாசிச்சது என்ன? புகை இருந்துச்சுன்னு நீங்க சொன்னீங்கன்னா, நாப்பத்தோராயிரம் பொய்ச் சான்றிதழ் கொடுத்தாங்கன்னு ஆகும். ஒரு பொம்பளைப் பிள்ளை, செத்துப் போனவங்க. அவங்க பேரைக் கெடுக்க எனக்கு மனசு வரலை. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

தங்கைதான் பேசினாள்.

"ஃபெயில் பட்டன் வேலை செய்யாது சார்."

ஆறு வருடத்தில் அந்தப் பட்டனை ஒருவரும் அழுத்தியதாகப் பதிவே இல்லையே என்று செயலாளர் சொன்னார்.

"அழுத்தினா பதிவாகாது சார். மேற்பார்வையாளர் கடவுச்சொல் கேக்கும்."

"அவர்கிட்ட வாங்கிக்க வேண்டியதுதானே?"

"அந்தப் பதவி காலி சார்."

தலைவர் இடைவெளி வழியாகச் செயலாளரைப் பார்த்தார். ஏன் காலி என்று கேட்டார். செயலாளர் கோப்பைப் புரட்டிவிட்டு, வாரியம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு வண்டிகூட ஃபெயில் ஆனதில்லை, ஆகவே மேற்பார்வையாளருக்கு வேலை இல்லை, ஆகவே நியமிக்கவில்லை என்றார். தலைவர் திருப்தியாகத் தலையாட்டினார். எங்களிடம் திரும்பி, "பார்த்தீங்களா?" என்றார்.

நாங்கள் பார்த்தோம்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. அப்படித்தான் செயலாளர் தொலைபேசியில் சொன்னார். அவள் பொய்ச் சான்றிதழ் கொடுக்கவில்லை என்று வாரியம் முழுமனதாக நம்புகிறது. ஆகவே புகை இல்லை. அதோடு நிற்காமல், ஒரு ஃபெயில்கூட இல்லாத அவளுடைய சேவையைப் பாராட்டித் தூய காற்று நாளன்று விருது. கூண்டின் தகரத்தில் அவள் படத்தோடு ஒரு பலகை பதிப்பார்கள். விருதைப் பெற்றுக்கொண்டு நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் கோப்பு முடிந்தது என்று இருக்கும். கையெழுத்து விழுந்தால் காரணம் இனி எப்போதும் 'மூச்சு நின்றது'தான். கூண்டும் அங்கேயே இருக்கும், தங்கையும் கூண்டிலேயே இருப்பாள், தலைக்கு மேல் அக்காவின் படத்தோடு.

கையெழுத்துப் போடாவிட்டால்?

"பொய்ச் சான்றிதழ் விஷயத்தைத் திரும்ப எடுக்கிற மாதிரி ஆயிடும் தம்பி," என்றார் செயலாளர். மிகவும் பிரியமாகச் சொன்னார்.

பலகைக்காக ஒரு படிவம் வந்தது. மறைந்தவரின் கடைசி வார்த்தைகள், பன்னிரண்டு சொல்லுக்கு மிகாமல். அவள் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன். பன்னிரண்டுக்கும் குறைவுதான். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. பலகையின் நோக்கத்துக்கு இசைவாக இல்லை என்று சிவப்பு மையில் குறிப்பு. கீழே அவர்களே திருத்தி எழுதியிருந்தார்கள்: 'நான் போனாலும் பரிசோதனை நிற்கக் கூடாது.' இதை விழாவில் நான் வாசிக்க வேண்டும். கெட்டி அட்டையில் பொன் எழுத்தில் அச்சடித்தும் அனுப்பிவிட்டார்கள்.

தூய காற்று நாள். மாடியில் மண்டபம். விழாவுக்கு முன்னால் விழிப்புணர்வு ஊர்வலம் நடந்தது. அறுபது கார், இருபது பஸ், முன்னால் அந்த அளவீட்டு வேன். ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு மண்டபத்தின் கீழே வந்து நின்றன. யாரும் இன்ஜினை அணைக்கவில்லை. விழா முடிந்து இறங்கும்போது இருக்கைகள் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மேடையில் பெரிய வடிகட்டி ஒன்று இருந்தது. அதன் முகத்தை மேடையை நோக்கித் திருப்பி வைத்திருந்தார்கள். மூன்றாம் வரிசையில் தங்கை உட்கார்ந்திருந்தாள், கைக்குட்டையோடு.

தலைவர் பேசினார்.

"இன்னைக்கு ஒரு உண்மையைச் சொல்லப் போறேன். நம்ம வாரியத்துல ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி கூட ஃபெயில் ஆனதில்லை. இப்படிச் சொல்ற தைரியம் எந்த வாரியத்துக்கு இருக்கு? சில பேர் காத்து கெட்டுப் போச்சுன்னு எழுதுறாங்க. குழந்தைகளுக்கு மூச்சு வாங்குதுன்னு சொல்றாங்க. நானும் இருபது வருஷமா நம்ம ஆபீஸ்லதான் மூச்சு விடுறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே. காத்து கெட்டுப் போகலை. அளக்கத் தெரியாதவங்க மூச்சு விடுறாங்க, அதுதான் பிரச்சினை. அளக்குற வேலையை எங்ககிட்ட விடுங்க. மூச்சு விடுற வேலையை மட்டும் நீங்க பாருங்க."

நீண்ட கைதட்டல். அதற்குள் ஒரு இருமல். பிறகு இன்னும் இரண்டு இருமல். கைதட்டலை நீட்டி அவற்றை மூடினார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். விருது ஒரு கண்ணாடி உருளை. உள்ளே ஒன்றும் இல்லை. சுத்தமான காற்று என்றார் செயலாளர், மூடியைத் திறக்க வேண்டாம் என்றும் சொன்னார். மேஜையில் தாளும் மூடி கழற்றிய பேனாவும் தயாராக இருந்தன. முதலில் வாசிப்பு, பிறகு கையெழுத்து என்று காதோரம் சொல்லி மைக்கை என் உயரத்துக்குத் தாழ்த்தினார்.

உருளையைத் தாளின் மேல் வைத்தேன். அட்டையைப் பார்த்தேன். என் தொழிலில் இந்த அளவு எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து படிக்கலாம். அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன்.

அவள் சொன்னது இது இல்லை என்றேன். அன்று காலை பத்து மணி. ஜன்னலுக்குக் கீழே ஒரு ஆம்புலன்ஸ் இன்ஜின் ஓடியபடி நின்றது. நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். வாயிலிருந்த முகமூடியை அவளே நகர்த்தினாள். கண்ணைத் திறக்கவில்லை. பால்கனியில் செய்வது போல மூக்கை லேசாகச் சுருக்கினாள். தங்கை அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

செயலாளர் மைக்கின் பொத்தானைத் தேடினார். மூன்றாம் வரிசையில் தங்கை எழுந்து நின்றாள். மண்டபத்தின் கீழே எண்பத்தொரு இன்ஜினும் ஓடிக்கொண்டிருந்தன. என் மனைவி சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"கீழ ஒரு வண்டி நிக்குதுங்க. ஃபெயில். எழுதிக்கோங்க."